எங்கும் போகாதவரின் பதில்

ஜூன் 3, 2005. வெள்ளி

வெயில். தார் ரோடு செருப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்கிறது. பிளஸ் டூ முடிந்து கல்லூரி இன்னும் திறக்கவில்லை. இந்த இடைவெளியில் நான் பத்திரிகை ஆசிரியை.

இதழ் 1 இன்று போனது. பெயர் ‘வலையில் விழுங்க’. ‘வலைக்கு வாங்க’ என்று வைக்கச் சொன்னான் அண்ணன். வந்தவர்கள் போய்விடுவார்கள், விழுந்தவர்கள்தான் சந்தா கட்டுவார்கள் என்றேன்.

யோசனை பிறந்த கதை: அண்ணனின் பிரவுசிங் சென்டர், பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். நாலு மிஷின், ஒரு யு.பி.எஸ்., சம்பளமில்லாத ஒரு நான். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மவுஸ் பிடிக்கத் தெரியாது. ஒருவர் அதைத் தூக்கி ஸ்கிரீனில் தேய்த்தார், இஸ்திரி போடுவது போல. ஒரே பாடத்தை ஒவ்வொருத்தருக்கும் சொல்லித் தொண்டை வற்றிப்போனது. அதனால் வாரம் ஒரு பாடம், மெயிலில், சந்தாதாரர்களுக்கு மட்டும். சந்தேகத்துக்குப் பதில் உண்டு. கிண்டல் இலவச இணைப்பு.

தமிழ் எழுத்து பாதி மிஷினில் கட்டம் கட்டமாய்த் தெரிகிறது. ஆகவே தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்புவது.

விழுந்தவர்கள்: ஆண்டிமடம் முந்திரி வியாபாரி. அரியலூர் லாரி ஆபீஸ் கணக்கர் தங்கவேல் சார். வரதராஜன்பேட்டை டீச்சர் ஒருவர். இன்னும் சில்லறைப் பேர். மிச்சமெல்லாம் லப்பைக்குடிக்காடு. அங்கே ஒரு விசேஷம். சந்தா கட்டுகிறவர் இங்கே, பாடம் போய்ச் சேருகிறவர் வளைகுடாவில். பெண்கள் பஸ் ஏறி வந்து, ஊறுகாய் கட்டி அனுப்புவது போல, புருஷனுக்குப் பாடம் கட்டி அனுப்புகிறார்கள்.

அதில் முதல் ஆள் ஹாஜரா அக்கா. புருஷன் பெயர் ஷாகுல். பொங்கலுக்கு அப்புறம் அவரிடமிருந்து கடிதம் இல்லை. கொடுத்த போன் நம்பரில் வேறு யாரோ எடுத்து, கம்பெனி மாறிப் போய்விட்டார் என்கிறார்கள். அங்கே வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் கண்ணிலும் படவில்லை. மிச்சம் இருப்பது மெயில் முகவரி ஒன்றுதான், கிளம்பும்போது அண்ணன் உண்டாக்கிக் கொடுத்தது. அக்கா மாதக் கணக்கில் எழுதுகிறார், பதில் வந்ததில்லை.

“பதில் போடத் தெரியாம இருப்பாங்க புள்ள. நீ சொல்லிக் குடு” என்றார்.

சொல்லிக் கொடுத்துவிடுவோம்.

ஜூன் 10

காற்று. ஷட்டர் தானாக ஆடுகிறது.

இதழ் 2: பாஸ்வேர்டை மாற்றுவது எப்படி. தேவையான பாடம். இங்கே கணக்குத் தொடங்குகிற எல்லோருக்கும் அண்ணன் ஒரே பாஸ்வேர்டு வைக்கிறான், ஊர்ப் பெயர். மறந்தாலும் பஸ் போர்டைப் பார்த்துக்கொள்ளலாமாம். ஊரையே ஒரு சாவியில் பூட்டியிருக்கிறான் புண்ணியவான்.

மாற்றினேன் என்று ஒருவரும் எழுதவில்லை. படித்தேன் என்றும் எழுதவில்லை. கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டுக் காதை வைத்துக் கேட்பது போல இருக்கிறது. கல் விழுகிற சத்தம் கூட இல்லை.

அம்மா: வாங்கின காசுக்கு ஒழுங்கா எழுது. சரிம்மா.

ஜூன் 17

மேகம், மழை இல்லை. தயிர் புளித்துவிட்டது.

இதழ் 3. ஊருக்குப் போகும்போது, வருகிற மெயிலுக்கெல்லாம் மிஷினே பதில் போடும்படி வைத்துவிட்டுப் போவது எப்படி. படி ஒன்று, படி இரண்டு என்று சுத்தமாக எழுதினேன். மாதிரி வாசகம் ஒன்று வேண்டுமே. சும்மா குறும்புக்கு இப்படி வைத்தேன்:

‘உங்கள் மெயில் கிடைத்தது, மகிழ்ச்சி. நான் நலம். எங்கும் போகவில்லை. திரும்பி வந்ததும் எழுதுகிறேன்.’

எங்கும் போகாதவன் எப்படித் திரும்பி வருவான் என்று யாராவது எழுதிக் கேட்பார்கள். அவர்தான் ஒழுங்காகப் படிக்கிற வாசகர். கண்டுபிடிக்க ஒரு தூண்டில்.

ஜூன் 24

இதை எழுதும்போதும் கை சில்லென்று இருக்கிறது. மத்தியானம்தான், வெளியே வெயில்தான்.

அண்ணன் சாப்பிடப் போயிருந்தான். சென்டரில் நான் மட்டும். இதழ் 4ஐ அனுப்பினேன். கரண்ட் போனது. மின்விசிறி நின்றது. யு.பி.எஸ். கீச் கீச் என்றது. என் மிஷின் மட்டும் எரிகிறது.

ஒரு மெயில் வந்தது. ‘உங்கள் மெயில் கிடைத்தது, மகிழ்ச்சி. நான் நலம். எங்கும் போகவில்லை. திரும்பி வந்ததும் எழுதுகிறேன்.’ முந்திரி வியாபாரி. சிரித்தேன்.

இரண்டாவது. அதே வாசகம். டீச்சர். மூன்றாவது, தங்கவேல் சார். அப்புறம் எண்ணவில்லை. ஆண்டிமடம், அரியலூர், லப்பைக்குடிக்காட்டு ஆண்கள் கடல் தாண்டி ஒவ்வொரு ஊரிலிருந்தும். எல்லோரும் ஒரே குரலில், நான் நலம், எங்கும் போகவில்லை. ஒரு எழுத்து மாறவில்லை. நடுவில் ஷாகுல் பெயரும்.

எல்லாம் என் வாக்கியம். என் வாக்கியம் என்னிடமே திரும்பி வந்து, என்னைத் தெரியாதது போலப் பேசுகிறது. பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். திரைச்சீலை.

பிறகு புரிந்தது. நம் ஆட்கள் பாடம் என்றால் பாடம்தான். ஊருக்குப் போகிறவர்கள் மட்டும் செய்ய வேண்டியதை எல்லோரும் செய்திருக்கிறார்கள். மாதிரி என்று போட்டதையும் விடாமல் அப்படியே அடித்திருக்கிறார்கள். செய்துவிட்டு, நிறுத்தத் தெரியாமல் விட்டிருக்கிறார்கள். நிறுத்துவது எப்படி என்று நான் எழுதவே இல்லை.

ஜூன் 26. ஞாயிறு

அரியலூர் போனேன். பஸ் ஜன்னல் முழுக்கச் சுண்ணாம்புத் தூசி, இறங்கும்போது பாதி வெள்ளைக்காரி.

தங்கவேல் சாரின் பதிலை நேரில் நிறுத்திக் கொடுத்தேன். முதலாளி, வாடகைக்கு லாரி கேட்டவர், சொந்த மச்சினன் எல்லோருக்கும் அது போயிருக்கிறது. முதலாளி கூப்பிட்டு, எங்கயும் போகாதவன் எதுக்கய்யா திரும்பி வரணும் என்று கேட்டாராம். ஆக, தூண்டிலில் சிக்கியவர் சந்தாவே கட்டாத முதலாளி.

சார் திட்டவில்லை. கிளம்பும்போது மட்டும் மெதுவாகச் சொன்னார்: “என் சம்சாரம் அதைப் படிச்சுட்டு ரெண்டு நாள் என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சும்மா. நான் எதிர்லதான் உக்காந்திருக்கேன்.”

சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை.

ஜூலை 1

தூறல். நின்றுவிட்டது.

இதழ் 5: நிறுத்துவது எப்படி. மன்னிப்பும் சேர்த்து. பெரிய எழுத்தில்.

சாயங்காலம் ஹாஜரா அக்கா டப்பா நிறைய இனிப்போடு வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. புருஷன் பதில் போடுகிறாராம். அனுப்பின உடனே, கண்ணை மூடித் திறப்பதற்குள். அன்றைக்கே இரண்டாவதாக அனுப்பினால் மட்டும் பதில் வராதாம், வேலை இருக்குமில்லையா என்றார்.

“மச்சான் அங்கனயே உக்காந்து எனக்காகக் காத்துட்டு இருக்காங்க போல. எல்லாம் உன் பாடந்தான் புள்ள.”

என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லவில்லை. அண்ணன் இனிப்பைத் தின்றான். என் வாயில் அது கரையவில்லை. அந்த மிஷின் முதல் மெயிலுக்குத்தான் பதில் போடும், அதே ஆள் அன்றைக்கே மறுபடி எழுதினால் சும்மா இருக்கும். இதழ் 3இல் நானே எழுதியது.

நிறுத்தும் பாடம் இன்று போய்விட்டது. படித்தால் நிறுத்திவிடுவார். கையால் எழுதுவார். அதுவரை வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது.

ஜூலை 4

ஒவ்வொருத்தருக்காக வெறும் மெயில் அனுப்பிப் பார்த்தேன். எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். ஒருவர் பாக்கி.

ஷாகுலுக்கு ‘ஹலோ’ என்று அனுப்பினேன். நான் நலம் என்றார். வேறு முகவரியிலிருந்து, உங்கள் வீட்டில் தீப்பிடித்துவிட்டது என்று அனுப்பினேன். உங்கள் மெயில் கிடைத்தது, மகிழ்ச்சி என்றார்.

இனி அந்த மாதிரி அனுப்பக் கூடாது. யாரிடம் விளையாடுகிறேன் என்றே தெரியவில்லை.

ஜூலை 6

காலையிலேயே ஹாஜரா அக்கா. இனிப்பு இல்லை, சிரிப்பும் இல்லை. கையில் பிரிண்ட் எடுத்த தாள்.

மாமியார் ஞாயிற்றுக்கிழமை குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. இங்கே பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் எழுந்து நடப்பது கஷ்டம் என்கிறார் டாக்டர். மாமியார் முடியாது என்கிறார். மகன் வரட்டும், அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் மயக்க மருந்து என்று பிடிவாதம். திரும்பி வந்ததும் என்று அவனே எழுதியிருக்கிறானே என்கிறார். பிரிண்ட் எடுத்த இன்னொரு தாள் அவர் தலையணைக்கு அடியில் இருக்கிறதாம்.

அக்கா விஷயத்தை எழுதி ஷாகுலுக்கு அனுப்பியிருக்கிறார். வந்த பதிலை என் முன்னால் வைத்தார்.

“பெத்த உம்மா விழுந்து கெடக்காங்கன்னு எழுதுறேன். மகிழ்ச்சிங்குறாங்க. இது யாரு புள்ள?”

தாளைப் பார்த்தேன். யாரென்று எனக்குத் தெரியும். நான்தான். சொன்னேன். மிஷின் போடுகிற பதில், வாசகம் என்னுடையது, அவர் அதை ஒரு நாள் வைத்துவிட்டு விட்டுவிட்டார் என்று சொன்னேன்.

அக்கா கோபப்படவில்லை. பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அப்ப இத்தினி நாளும் நான் யாரோட பேசிட்டு இருந்தேன்” என்றார். தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “வெச்சுட்டுப் போன ஆளு இருக்காரா, இல்லியா?” என்றார்.

அது எனக்குத் தெரியவில்லை. ஆள் மௌத்தாகி, உயிரே போனாலும் இந்தப் பதில் வந்துகொண்டே இருக்குமா என்று கேட்டார். இருக்கும் என்றேன்.

ஜூலை 8

அண்ணனுக்கு ஒரு சட்டம் உண்டு. சாவி நம்மிடம் இருந்தாலும் அடுத்தவர் பெட்டியைத் திறக்கக் கூடாது. அண்ணன் இன்று பிரிண்டர் மை வாங்கத் திருச்சி போயிருந்தான்.

“நான் பொண்டாட்டி. நான் சொல்றேன், தொற” என்றார் அக்கா.

நாலாம் மிஷின். திரைச்சீலையை இழுத்துவிட்டேன். ஷாகுலின் முகவரி, பாஸ்வேர்டு என்ற இடத்தில் எங்கள் ஊர்ப் பெயர். திறந்துகொண்டது. மாற்றவே இல்லை.

படிக்காத மெயில் தடித்த எழுத்தில் நிற்கும். படித்தது மெலிந்துவிடும். பக்கம் முழுக்கத் தடித்த எழுத்து. ஹாஜரா, ஹாஜரா, ஹாஜரா. பொங்கலில் தொடங்கி இந்த வாரம் வரை ஒன்று கூடத் திறக்கவில்லை. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். போய்விட்டார் என்றே இருவரும் நினைத்தோம்.

அப்போதுதான் இடையிடையே மெலிந்த வரிகள் கண்ணில் பட்டன. வலையில் விழுங்க, இதழ் 1. இதழ் 2. மூன்று, நான்கு. ஐந்தும் மெலிந்திருக்கிறது. ஐந்து, நிறுத்துவது எப்படி. அதைத் திறந்து படித்திருக்கிறார். படித்துவிட்டு நிறுத்தாமல் விட்டிருக்கிறார்.

அக்காவுக்கு விரலால் காட்டினேன்.

எல்லாவற்றுக்கும் மேலே, இன்று காலை நான் அனுப்பிய இதழ் 6. என் இதழ்களில் அது மட்டும் தடிப்பாக இருந்தது. ஏன் செய்தேனோ, பக்கத்தைப் புதுப்பிக்கும் பட்டனை அமுக்கினேன். மெதுவாக வந்தது பக்கம்.

இதழ் 6 மெலிந்திருந்தது.

“நீ தொட்டியா புள்ள?”

“இல்லக்கா.”

உள்ளே ஆள் இருக்கிறார். இப்போது, இந்த நிமிஷம், கடலுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, நாங்கள் பார்க்கிற இதே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அக்கா சட்டென்று முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார், அந்நிய ஆண் ஒருவர் அறைக்குள் வந்துவிட்டது போல.

காத்திருந்தோம். மறுபடி மறுபடி புதுப்பித்தேன். பக்கம் நிறைய அக்காவின் பெயர், ஷாகுல் கண் முன்னாலும் அதேதான். எதுவும் மெலியவில்லை.

ஜூலை 9

தூக்கம் சரியில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்து நானே ‘ஹலோ’ சொன்னேன். பதில் வராததில் நிம்மதி.

ஹாஜரா அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்தார். உயிரோடு இருக்கிறார் என்று ஒரு பாரம் இறங்கியிருக்கிறது. இறங்கிய இடத்தில் வேறொன்று ஏறியிருக்கிறது. மாமியாரிடம் இது மிஷின் எழுதியது என்று எடுத்துச் சொல்லியிருக்கிறார். என் மகன் எழுத்தை மிஷினுங்குறியா என்று மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். வர மாட்டேன் என்று அவனே சொல்லட்டும், அப்புறம் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்து வைக்கிறேன் என்கிறாராம்.

அக்கா என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“உன் பத்திரிகைய மட்டுந்தான் படிக்கிறாங்க. அதுலயே எழுது.”

அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். ஒரு வார்த்தையை அழகுபடுத்தப் போனேன். வேண்டாம் என்றார்.

அண்ணனிடம் காட்டினேன். குடும்ப விஷயத்தை ஊர் முழுக்க அனுப்புவதா, நாளைக்கு நம் மேல் பழி வரும் என்றான். அவன் சொல்வதும் நியாயம். ஆனால் அந்தம்மா தலையணைக்கு அடியில் வைத்திருப்பது என் வாக்கியம்.

ஜூலை 15

மழை வரும்போல இருட்டு. பகலிலேயே விளக்கு.

இதழ் 7. இந்தத் தடவை ஒரு கிண்டல் கிடையாது. முதலில் கேள்வி-பதில் பகுதி:

‘ஒரு வாசகி எழுதுகிறார். என் வீட்டுக்காரர் இந்த இதழை மட்டும் படிக்கிறார். என் கடிதங்களைத் திறப்பதில்லை. அவர் தாயார் இடுப்பு உடைந்து கிடக்கிறார். மகன் வந்தால்தான் ஆபரேஷன் என்கிறார். வருவாரா, மாட்டாரா என்று ஒரு வார்த்தை வேண்டும். எந்த வார்த்தையானாலும் சரி.’

பதில் என்ற இடத்தைக் காலியாக விட்டேன்.

அனுப்பியதும் ஷாகுல் முகவரியிலிருந்து உடனே வந்தது, வழக்கமான நான் நலம். அப்புறம் எதுவும் இல்லை. டீச்சர் மட்டும், அந்த வாசகிக்காக ஜெபம் செய்கிறேன் என்று எழுதியிருந்தார்.

மூன்று மணி போல, படித்திருப்பாரா என்று பார்க்க என் இன்னொரு முகவரியிலிருந்து வெறும் மெயில் ஒன்று அனுப்பினேன். பதில் வந்தது. உடனே. ஆனால் அது என் வாக்கியம் இல்லை.

வாசகத்தை மாற்றியிருக்கிறார். தானே அடித்திருக்கிறார். கடைசி இரண்டு வரி: ‘நான் வரவில்லை. இனி எழுத வேண்டாம்.’

யாருக்குமே எழுதவில்லை, மிஷினிடம் சொல்லி வைத்திருக்கிறார். இனி யார் எதை எழுதினாலும் இதுதான் போகும். நாளைக்கு அக்கா எழுதினால் அவருக்கும்.

ஒன்றைச் செய்துவிட்டேன், இங்கே மட்டும் எழுதுகிறேன். அவர் கணக்கைத் திறந்து, அந்தப் பதிலை அழித்து, ‘நலம். வேலை முடிந்ததும் வருகிறேன். அம்மா ஆபரேஷன் செய்துகொள்ளட்டும்’ என்று அடித்தேன். எவ்வளவு சுலபம். அவர் குரல் என் விரலில் அப்படியே வந்து உட்கார்ந்தது. கிழவி கையெழுத்து வைத்துவிடுவார், அக்கா சிரிப்பார், மறுபடி இனிப்பு வரும். பட்டனை அமுக்கினால் போதும்.

அமுக்கவில்லை. அடித்ததைச் சேமிக்காமல் விட்டு வெளியே வந்துவிட்டேன். அவர் வைத்ததே இருக்கிறது.

ஜூலை 16. சனி

மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஹாஜரா அக்கா வந்து, மூன்றாம் மிஷினில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் அடிக்கத் தொடங்கினார். ஷாகுல் இதழைப் படித்திருப்பார், இன்றைக்குத் தன் மெயிலையும் திறந்துவிடுவார் என்று அக்காவுக்கு எண்ணம்.

பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டேன். அனுப்பாதீங்கக்கா என்றேன். நேற்று எனக்கு வந்ததைச் சொன்னேன். காட்டட்டுமா என்று கேட்டேன்.

அவர் தட்டுவதை நிறுத்தவில்லை.

“அது உனக்கு வந்தது புள்ள. எனக்குச் சொல்லல. எனக்குச் சொல்லட்டும்.”

அனுப்பும் பட்டன் எங்கே என்று கேட்டார். இத்தனை நாள் பழக்கம், இருந்தும் இன்று மறந்துவிட்டது. காட்டினேன். அமுக்கினார்.

கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது. நான் எழுந்து நகர்ந்துகொள்ளப் பார்த்தேன். என் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தார். ஸ்கிரீனில் விரல் வைத்து, எழுத்தெழுத்தாகப் படித்தார். கடைசி வரி வரைக்கும் போனார். விரலை எடுத்து மறுபடி முதல் வரியில் வைத்தார்.

“சலாம் சொல்லித்தான் ஆரம்பிச்சிருக்காங்க. மிஷினு இல்ல. அவுங்களேதான்.”

பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னார், மாமிக்கு. திங்கட்கிழமை ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்றார். தாளை மடித்தார். எழுந்தார். பிறகு, ஏதோ பாக்கி இருப்பது போல மறுபடி உட்கார்ந்து, முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு, ஸ்கிரீனைப் பார்த்து மெதுவாகப் பதில் சலாம் சொன்னார்.